கடைமடைக்கும் கீழே ஒரு சரணாலயம்: கோடியக்கரை–முத்துப்பேட்டை ஈரநில நிர்வாகம், ஒரு நிகழ்வு ஆய்வு

மே மாதம் மூன்றாவது வாரம். கோடியக்காட்டுக்குள் ஒரு மணல் திட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் மண்வெட்டியால் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தார். இடுப்பளவு இறங்கியதும் மணல் கருத்தது. இன்னும் ஒரு முழம் போனதும் ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்து சேர ஆரம்பித்தது. ஒரு கொட்டாங்கச்சியில் மொண்டு முதலில் தானே குடித்துப் பார்த்தார். "நல்ல தண்ணிதான் சார். இதுக்கு மேல தோண்டினா உப்பு ஏறிடும், இதோட நிப்பாட்டிக்கணும்" என்றார். அப்புறம் பள்ளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் சரிவாக வெட்டிவிட்டார், மான் இறங்கிக் குடிக்கத் தோதாக. மறுநாள் விடியற்காலை போய்ப் பார்த்தால் அந்தச் சரிவு முழுக்கக் குளம்புத் தடம்.

எந்த ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அவர் தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர். வனத்துறையை மாற்றியமைப்பது, வன உயிரின நிர்வாகத்துக்குத் தனி அமைப்பு வேண்டும் என்பது போன்ற பேச்சு எப்போது வந்தாலும் நான் இந்தப் பள்ளத்திலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறேன். வேதாரண்யம் பக்கத்து கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவன் நான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பறவைக் கணக்கெடுப்புக்குப் போய்வருகிறேன். அந்தப் பழக்கத்தில் கண்டதையும், பொதுப் பதிவில் இருப்பதையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஒரே நீர், மூன்று மாவட்டம்

கோடியக்கரை சரணாலயம் 1967 ஜூன் 13 அன்று அறிவிக்கப்பட்டது. பரப்பு 17.26 சதுர கிலோமீட்டர். முதன்மையான நோக்கம் வெளிமான் பாதுகாப்பு. அந்தக் காடு உலர் பசுமைமாறாக் காடு. பாலை மரமும் முள்புதரும் மண்டிய, மணல் மேட்டின் மேல் நிற்கிற காடு. வெயில் காலத்தில் பாலப்பழம் விற்கிற பாட்டிகளை வேதாரண்யம் கடைத்தெருவில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்டின் ருசி தெரியும்.

2002 ஆகஸ்ட் 19 அன்று இது ராம்சார் தலமானது, அதாவது ராம்சார் என்ற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம் இதுதான். அடுத்த இருபது ஆண்டுக்கு இது ஒன்றுதான் இருந்தது. ராம்சார் எல்லைக்குள் வந்தது 17 சதுர கிலோமீட்டர் காடு மட்டும் கிடையாது. வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, பஞ்சநதிக்குளம் ஈரநிலம், தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக்காடு எல்லாம் சேர்ந்து 38,500 ஹெக்டேர். கிழக்கே கோடியக்கரை முனையில் தொடங்கி மேற்கே அதிராம்பட்டினம் பக்கம் வரை நீளும் ஒரே சேற்று வெளி. பூநாரைக்கும் உள்ளானுக்கும் இது ஒரே இடம். காலையில் கோடியக்கரை பக்கம் மேய்கிற கூட்டம் தண்ணீர் மட்டம் பார்த்து மேற்கே நகர்ந்துவிடும்.

1967ல் இந்த நீளம் முழுவதும் பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக்குள் இருந்தது. 1991 அக்டோபரில் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997 ஜனவரி 1ல் திருவாரூர் வந்தது. மாவட்டம் பிரித்தது ஜனங்களுக்கு நல்லதுதான். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் தஞ்சாவூர் வரை பஸ் ஏறிய காலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சதுப்பு நிலம் மூன்றாகப் பிரிந்தது அந்தக் கோடுகளால்தான். வேதாரண்யம் பக்கம் நாகைக்கு, முத்துப்பேட்டை பக்கம் திருவாரூருக்கு, அதிராம்பட்டினம் ஓரம் தஞ்சைக்கு. வன நிர்வாகமும் அதே கோட்டில் நின்றது. கோடியக்கரை, நாகப்பட்டினத்தில் இருக்கும் வன உயிரினக் காப்பாளரின் கீழ். முத்துப்பேட்டை, திருவாரூர் வனக்கோட்டத்தின் கீழ். மேற்கு ஓரம் தஞ்சாவூர் வனக்கோட்டம்.

அது வனத்துறைக்குள் இருக்கிற பிரிவு மட்டும். ஆற்று மதகு நீர்வளத்துறையுடையது. புறம்போக்கு வருவாய்த்துறையுடையது. மீனவருக்கான அனுமதியும் படகுப் பதிவும் மீன்வளத்துறை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரையில் கடலாட வருகிற கூட்டத்தை ஒழுங்கு செய்ய ஊராட்சியும் காவல்துறையும். உப்பளக் குத்தகை வேறு ஒரு கோப்பு.

சத்திரத்துக்கு விறகு தந்த காடு

முத்துப்பேட்டை அலையாத்திக்காடு கைமாறிய வரலாறு நீளமானது. அரசு ஆவணப்படி 1853 முதல் 1912 வரை அது சத்திரம் இலாகாவின் பொறுப்பில் இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகிற சேது சாலை நெடுகக் கட்டிய சத்திரங்களை நடத்துவதற்கு அந்தக் காட்டு வருமானமும் போனது. அதாவது வழிப்போக்கனுக்குச் சோறு போடுகிற இலாகாவின் கையில் ஒரு காடு. 1923 முதல் 1936 வரை காட்டில் பாதி வருவாய்த்துறை வசம் போனது. மரத்தை நிலக்கிழார்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் விற்றார்கள். 1937 பிப்ரவரியில் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. அப்புறமும் பல பத்தாண்டுகள் வனத்துறையே கூப்பு போட்டு, அதாவது பகுதி பகுதியாக ஒதுக்கி, வெட்டியது. மொத்தமாக வெட்டிய இடத்தில் வெயில் நேராக விழுந்து, சேறு அமுங்கிப் பள்ளமாகி, அலை நீர் வந்து தேங்கி, காய்ந்து, உப்பு படிந்தது. அங்கே விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. பின்னால் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, அலை நீர் வந்து போக வழி செய்த பிறகுதான் அந்தப் பள்ளங்களில் மறுபடி அலையாத்தி ஏறியது. அந்த வேலையில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராமத்து மக்களும் சேர்ந்து நின்றார்கள்.

இதை இங்கே விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. மூன்று இலாகாக்களும் காட்டின் பரப்பைத்தான் கைமாற்றிக்கொண்டன. அந்தக் காட்டை வாழவைத்த அலை நீரும் ஆற்று நீரும் எந்தக் கைமாற்றத்திலும் பேசப்படவில்லை. காடு மீண்டது, யாரோ ஒருவர் நீரின் வழியைப் பார்த்து வாய்க்கால் வெட்டியபோதுதான்.

"புல எண் என்ன?"

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி. கணக்கெடுப்புக்கு நான்கு பிள்ளைகளோடு சதுப்பின் உள்ளே போயிருந்தேன். பனி விலகியதும் முதலில் கண்ணில் பட்டது சீமைக்கருவேலக் குச்சிகள், வரிசையாக நட்டது. கிட்டப் போனால் குச்சிக்குக் குச்சி நைலான் வலை. அதில் மடையான் மூன்று, பேர் தெரியாத உள்ளான்கள் ஏழெட்டு. ஒன்று இன்னும் உயிரோடு இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளில் ஒருத்தி அழுதுவிட்டாள்.

வலையைத் தொடாமல் போன் செய்தேன். முதல் அலுவலகத்தில் எடுத்தவர், நாங்கள் நிற்கிற இடத்தைக் கேட்டுவிட்டு, "அது எங்க எல்லைக்குள்ள வராதுங்களே" என்று இன்னொரு எண் கொடுத்தார். அந்த எண்ணில் பேசியவர் அக்கறையாகவே கேட்டார். வாய்க்காலுக்கு எந்தப் பக்கம், எந்த ஊருக்கு நேர் என்று விசாரித்தார். கடைசியில், "சார், புல எண் தெரியுமா?" என்றார்.

நாங்கள் நின்ற நிலத்துக்கு அரசு ஆவணத்தில் இருக்கிற பெயரே "அளவீடு செய்யப்படாத உப்புச் சதுப்பு". அங்கே புல எண் எங்கிருந்து வரும்? மூன்றாவது போனுக்கு ஆள் கிளம்பி வந்தார்கள். வந்து சேர நான்கு மணி நேரம். அதற்குள் வலைக்காரர்கள் வந்து எங்களைத் தூரத்தில் பார்த்துவிட்டுச் சுற்றிப் போய், வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் அவர்களைத் தடுக்கப் போகவில்லை.

எந்த அலுவலகம் என்று சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. அன்று பேசிய யாரும் வேலையைத் தட்டிக்கழிக்கிறவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வேறு ஒருவருடைய எல்லைக்குள் போய்ப் பொருளைக் கைப்பற்றினால் வழக்கு நிற்காது. சரணாலயம் என்றால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முழு வலுவோடு வரும். காப்புக்காடு என்றால் 1882 தமிழ்நாடு வனச் சட்டம் கூடச் சேரும். வருவாய்த்துறைப் புறம்போக்கு என்றால் முதலில் கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிட வேண்டும். எந்த நிலம் என்று தெரியாமல் எந்தச் சட்டம் என்று சொல்ல முடியாது. அளக்காத நிலத்தில் அந்தக் கேள்விக்கே பதில் கிடையாது. பிடிக்கிறவன் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறான். அவன் வலை நட்டதே அந்த இடுக்கில்தான்.

ஆகாயத்தாமரை வந்து சேரும் நாள்

முத்துப்பேட்டை ஜாம்புவானோடையில் படகு ஓட்டுகிற ஒரு பெரியவரை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். லகூனுக்குள், அதாவது ஆறுகள் கடலோடு சேருகிற உப்பங்கழிக்குள், போகும்போது அடிக்கடி கையைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒரு முறை கோரையாற்று முகத்தில் அழுகின ஆகாயத்தாமரைக் கொத்து மிதந்து வந்தது. "பாத்தீங்களா தம்பி, மேல ஷட்டர் தூக்கியிருக்கான். நாலு நாள்ல இங்க தண்ணி இனிக்கும், அப்புறம் மடவை மீன் வரும்" என்றார். ஆகாயத்தாமரை நன்னீர்ச் செடி, உப்பு பட்டால் அழுகிவிடும். அது அழுகி வந்து சேருகிறது என்றால் மேலே ஆற்றில் நீர் ஓடுகிறது என்று அர்த்தம். அவருக்கு அறிவிப்பு அப்படித்தான் வருகிறது.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது? மேட்டூரிலிருந்து கல்லணை, கல்லணையிலிருந்து வெண்ணாறு, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. கோரையாறும் பாமணியாறும் தெற்கே இறங்கி லகூனில் முடிகின்றன. வழக்கப்படி ஜூன் 12ல் மேட்டூர் திறந்து ஜனவரி 28ல் மூடுவார்கள். அந்த ஏழரை மாதத்திலும் லகூனுக்கு நீர் சீராக வருவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் எல்லா மதகையும் தூக்கிவிடுவார்கள், ஒரே வாரத்தில் மொத்தமும் வந்து கொட்டும். மழை விட்டதும் கதவு இறங்கிவிடும். பிப்ரவரிக்குப் பிறகு ஒன்றும் வராது. கோடையில் காட்டுக்குள் தேங்கிய நீரில் உப்பு கடல் நீரைவிடக் கூடிப்போகிறது. அலையாத்தியில் இந்த உப்பைத் தாங்குகிற வெண்கண்டல் ஒன்றே பெரும்பாலும் நிற்கிறது. மற்ற வகைகள் ஒதுங்கிவிட்டன.

கடைமடை விவசாயிக்கு நீர் வராவிட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். சாலை மறியல், ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம், பத்திரிகையில் படம். அது நியாயமான குரல், அந்தக் குரலில்தான் டெல்டா இன்னும் பிழைத்திருக்கிறது. லகூன் இருப்பது அந்தக் கடைமடைக்கும் கீழே. டெயில் எண்ட் ரெகுலேட்டரின், அதாவது ஆற்றின் கடைசி மதகின், கதவுக்கு வெளியே. அங்கே நீர் வராவிட்டால் கேட்கிற வேலை யாருடைய பொறுப்பிலும் எழுதப்படவில்லை. கதவை ஏற்றி இறக்குகிற லஸ்கருக்கு வரும் உத்தரவில் பாசனமும் வெள்ளமும் உண்டு, கடல் நீர் உள்ளே ஏறாமல் தடுப்பதும் உண்டு. மடவையும் பூநாரையும் கிடையாது.

நதிநீர்ச் சட்டத்தில் இதற்கு ஒரு வாசல் இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறுதலும் ஆதங்கமும். 2007ல் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பில் 740 டிஎம்சியைப் பிரித்தபோது 10 டிஎம்சியைச் சுற்றுச்சூழலுக்கு என்று தனியாக வைத்தது. கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போகும் நீர் என்று 4 டிஎம்சி. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்து கர்நாடகத்தின் பங்கைக் கூட்டியது, இந்த 14ஐத் தொடவில்லை. சுற்றுச்சூழலுக்கான அந்த எண் பொதுவான எண். கோரையாற்று முகத்துக்கு எந்த மாதம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்காது, எழுதவும் முடியாது. அதைக் கணக்குப் போட்டுக் கேட்பது ஈரநிலத்தை நிர்வகிக்கிற அமைப்பின் வேலை. அப்படிக் கேட்க, முழு ஈரநிலத்துக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து வேண்டும். மூன்று கோட்டங்களில் யாருடைய கையெழுத்து அது?

கஜா காட்டியது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. கோடியக்காட்டில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. வெளிமான்கள் செத்து ஒதுங்கின. முத்துப்பேட்டையில் அலையாத்தி மொட்டையாக நின்றது. எங்கள் வீட்டு ஓடும் தென்னையும் போன கதை இங்கே வேண்டாம், இந்தப் பக்கத்தில் அந்தக் கதை இல்லாத வீடு கிடையாது.

அந்த வாரத்தில் காட்டைப் பார்த்துக்கொண்டது யார் என்று யோசித்தால் உள்ளூர்க் காவலர்கள்தான். அவர்கள் வீடும் போயிருந்தது. போன் இல்லை, ரோடு இல்லை. எந்தக் குட்டையில் கடல் நீர் புகுந்திருக்கும், எந்த மேட்டில் மான் ஒதுங்கியிருக்கும் என்று தெரிந்தவர்கள் நடந்தே போனார்கள். உப்பு நீர் புகுந்த குட்டையை இறைத்துவிட்டு மழை நீரைத் தேக்க வேண்டும், அதுவும் வடகிழக்கு மழை முடிவதற்குள். தவறினால் மானுக்கு அடுத்த ஜூலை வரை தண்ணீர் கிடையாது. நிர்வாகம் என்று நாம் எதைச் சொன்னாலும் அந்த வாரத்தில் அது அந்த நாலைந்து பேரின் கால் நடைதான்.

அதன் பிறகு சாய்ந்த மரத்தை எடுப்பதா விடுவதா என்று ஒரு விவாதம் வந்தது. காட்டில் சாய்ந்த மரம் பல்லிக்கும் பூச்சிக்கும் வீடு, சரணாலயத்திலிருந்து அதை வெளியே கொண்டுபோக வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அவ்வளவு எளிதில் விடாது. சாய்ந்த மரத்தோடு சீமைக்கருவேலமும் சேர்ந்து மூடிக்கொண்டால் வெளிமானுக்குப் புல்வெளி போய்விடும். இந்த மாதிரி முடிவு எடுக்க மரமும் மானும் இரண்டும் தெரிந்த ஒருவர் அந்த இடத்திலேயே சில ஆண்டு இருக்க வேண்டும். அதிகாரிகள் மூன்று ஆண்டில் மாறிப்போகிறார்கள். அது அரசு ஊழியத்தின் இயல்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படியானால் இடத்தின் ஞாபகம் வேறு எங்கேயாவது தங்க வேண்டும்.

2021க்குப் பிறகு

மாநிலத்தில் மேல்மட்டத்தில் பெரிய மாற்றங்கள் வந்தது 2021ல். சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறையின் பெயரில் காலநிலை மாற்றம் சேர்ந்தது. பொதுப்பணித்துறையிலிருந்து நீர்வளத்துறை தனியாகப் பிரிந்தது. பசுமை காலநிலை நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, ஈரநில இயக்கம், பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம் மூன்றையும் அதன் வழியாக நடத்தினார்கள். ஈரநில இயக்கத்தின் இலக்கு ஐந்தாண்டில் 100 ஈரநிலம். ராம்சார் தலம் ஒன்றிலிருந்து இருபதாக உயர்ந்தது. டெல்டாவில் வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022ல் வந்தன, பக்கத்து அரியலூரின் கரைவெட்டி 2024ல். பாக் நீரிணையில் தஞ்சை, புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டருக்குக் கடற்பசுக் காப்பகம் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது, நாட்டிலேயே முதல்.

இவை எல்லாமே நல்ல வேலை. மனதார வரவேற்கிறேன். வடுவூர் ஏரிக்கரையில் ராம்சார் பலகை வைத்த பிறகு பள்ளிப் பிள்ளைகள் ஏரியைப் பார்க்கிற பார்வையே மாறியிருக்கிறது.

ஆனால் எங்கள் சதுப்பில் மாறாதது மாறவில்லை. மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்தில் ஆட்சியரும் மாவட்ட வன அலுவலரும் ஒன்றாக உட்காருகிறார்கள் என்பது அருமையான ஏற்பாடு. அது மாவட்டத்துக்கு மாவட்டம். ஒரே ஈரநிலத்துக்கு மூன்று கூட்டம் ஆகிறது. கடற்பசு மேய்கிற கடற்புல், லகூனிலிருந்து வருகிற நீரையும் வண்டலையும் நம்பியிருக்கிறது. காப்பகத்தின் கோடோ கடலில் தொடங்குகிறது. மேலே எத்தனை புதிய பெயர் வந்தாலும் கோடுகள் பழைய தாலுகாக் கோடுகளாகவே இருக்கின்றன.

மற்ற இடங்களில் செய்து பார்த்தது

நமக்கு மிக நெருக்கமான பாடம் ஒடிசாவின் சிலிகா. 1981ல் ராம்சார் தலமான ஏரி அது. வண்டல் சேர்ந்து கடல் வாய் அடைத்து, உப்பு குறைந்து, களை மண்டி, மீன் விழுந்துபோனது. 1993ல் ஆபத்தில் உள்ள ராம்சார் தலங்களின் பட்டியலுக்குப் போனது. ஒடிசா அரசு அதற்கு முன்பே 1991ல் சிலிகா மேம்பாட்டு ஆணையத்தை அமைத்திருந்தது. முதலமைச்சர் தலைவர், துறைகள் எல்லாம் உறுப்பினர். 2000 செப்டம்பரில் புதிய கடல் வாய் வெட்டினார்கள், மேல்படுகையில் மண் அரிப்பைத் தடுத்தார்கள். 2002ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது, அதே ஆண்டு ராம்சார் விருதும் கிடைத்தது. நமக்குப் பிரச்சினை தலைகீழ், அங்கே உப்பு குறைந்தது, இங்கே கூடுகிறது. ஆனால் அந்த அமைப்பு முதலில் கையில் எடுத்தது நீரின் போக்குவரத்தை என்பதைக் கவனிக்க வேண்டும். குறையும் உண்டு. விதி மீறுகிறவர்களைப் பிடிக்கிற அதிகாரம் ஆணையத்துக்குக் கிடையாது. இறால் அடைப்புகளை எடுக்க இன்னும் மற்ற துறையைத்தான் நம்பியிருக்கிறது.

மறுபக்கப் பாடம் ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் பூங்கா. சுற்றுச்சுவர் உள்ள தேசியப் பூங்கா, உலகப் பாரம்பரியத் தலம், நிர்வாகத்தில் குழப்பமே இல்லாத ஒற்றை எல்லை. 1982ல் எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள், மோதலில் உயிர்கள் போயின. அப்புறம் ஆராய்ந்து பார்த்தால் எருமை மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பு மூடிப்போயிருந்தது. 2004ல் மேலே பாஞ்சனா அணையிலிருந்து நீர் விட மறுத்தபோது, சுவருக்குள் இருந்த பூங்கா வறண்டு கிடந்தது. அதனால்தான் கோடியக்கரையைத் தேசியப் பூங்கா ஆக்குங்கள் என்று நண்பர்கள் சொல்லும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. தேசியப் பூங்கா என்றால் மீன்பிடிக்கும் மேய்ச்சலுக்கும் உள்ள உரிமை எல்லாம் முடிந்துபோகும். முத்துப்பேட்டையில் வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கிறவன்தான் அந்த வாய்க்காலைத் தூர் வாரி, காட்டுக்குள் நீர் போகும்படி வைத்திருக்கிறான். அவனை வெளியேற்றினால் அந்த வேலைக்கு ஒப்பந்தக்காரரைத் தேட வேண்டியிருக்கும்.

நம் மாநிலத்திலேயே முதுமலைப் புலிகள் காப்பகத்தில் உட்பகுதியும் வெளிவட்டமும் ஒரே கள இயக்குநரின் கீழ் வந்திருக்கின்றன. புலி அங்கே கோடு பார்த்து நடப்பதில்லை என்பதை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. அதே நியாயம் பூநாரைக்கும் பொருந்தும். புலிகள் காப்பகங்களுக்கு 2006 சட்டத் திருத்தம் அறக்கட்டளை வைக்க வழி செய்தது, நுழைவுக் கட்டணம் அந்த இடத்திலேயே செலவாகிறது. புலி இல்லாத காட்டுக்கு அந்த வசதி தானாக வராது.

என்ன செய்யலாம்

முதலில் அளக்க வேண்டும். அளவீடு செய்யப்படாத சதுப்பை அளந்து, எல்லைக் கல் நட்டு, ஒவ்வொரு வாய்க்காலும் எந்தப் பீட் (ஒரு காவலர் சுற்றுகிற எல்லை) என்று எழுதிவைக்க வேண்டும். கடலோரச் சேற்றில் கோடு ஆண்டுக்காண்டு நகரும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் வாய்க்கால் வாயையும் ரெகுலேட்டரையும் அடையாளமாக வைக்கச் சொல்கிறேன், அவை நகர்வதில்லை. இதற்குப் புதிய சட்டம் ஒன்றும் தேவைப்படாது. வருவாய்த்துறை சர்வேயரும் வனவரும் ஒரே படகில் ஏறினால் போதும்.

அடுத்து, ராம்சார் எல்லைக்குள் உள்ள மூன்று மாவட்டத்துப் பகுதியையும் ஒரே வன உயிரினக் கோட்டமாக்குவது. தலைமை அலுவலகம் நாகையிலா முத்துப்பேட்டையிலா என்று தகராறு வரும். முத்துப்பேட்டை என்பேன், நீர் வந்து சேருவது அங்கேதான். மூன்று ஆட்சியர்களும் தங்கள் அதிகாரத்தை இழக்கத் தேவையில்லை. வன நிர்வாகத்தின் கோடு மட்டும் மாறினால் போதும்.

நீர்ப் பங்கீட்டுக் கூட்டத்தில் அந்தக் கோட்ட அலுவலருக்கு ஒரு நாற்காலி. இதுதான் கடினமானது. பாசன விவசாயிகளுக்கு இது அச்சம் தரும், எனக்கும் நஞ்சை உண்டு, அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. குறுவைக்கு விடுகிற நீரில் கை வைக்க நான் கேட்கவில்லை. மழை வெள்ளத்தை ஒரே வாரத்தில் கொட்டாமல், டெயில் எண்ட் கதவைப் படிப்படியாக இறக்கி, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை கொஞ்சம் கொஞ்சமாக லகூனுக்கு விட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். அந்த நீர் எப்படியும் கடலுக்குத்தான் போகப்போகிறது, போகிற வேகத்தை மாற்றுவதுதான் கேள்வி. கதவு ஏற்றி இறக்கும் நாள்களை லஸ்கரின் பதிவேட்டிலிருந்து வன அலுவலகத்துக்கு அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது.

காவலர் விஷயம் கடைசியாக எழுதுவதால் கடைசி முக்கியம் என்று அர்த்தம் இல்லை. கோடியக்காடு, தொண்டியக்காடு, சிறுதலைக்காடு மாதிரி ஊர்களிலிருந்து வந்த வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு நிரந்தரப் பணி, பீட் டைரியில் அவர்கள் சொல்வதை எழுதிவைக்கிற வழக்கம், புதிதாக வரும் வனச்சரக அலுவலர் முதல் மாதம் அவர்களோடு நடக்க வேண்டும் என்ற ஒரு விதி. பள்ளத்தை எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பது அந்த டைரியில் ஏற வேண்டும். அவர் ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுதான் இருக்கிறது.

இதற்கிடையில் எங்கள் பக்கத்துப் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். ஜாம்புவானோடையில் ஆகாயத்தாமரை மிதந்து வந்த தேதி, மேலே கதவு தூக்கிய தேதி, படகுப் பெரியவர் நாக்கில் வைத்துச் சொன்ன ருசி, அன்று கண்ட பறவைகள், இவ்வளவுதான் அதில். இரண்டு ஆண்டு எழுதி முடித்திருக்கிறார்கள். ஆண்டு முடிந்ததும் நல்ல கையெழுத்தில் ஒரு படி எழுதி, மூன்று ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறோம், மாவட்டத்துக்கு ஒன்றாக.